பொரி கொடுத்த தவிடு

விடை தெரியும் என்று கதையின் நடுவே கை தூக்குகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இந்தக் கதையில் அவசரப்பட்டு வாயைத் திறந்த ஒருத்தி பட்ட பாடு போதும்.

காங்கேயத்துப் பக்கம் ஓர் அரிசி ஆலை. அங்கே களத்தில் நெல் காயப்போடும் வேலை துளசிமணிக்கு. ஒருநாள் காலை நெல்லைப் பரப்பிவிட்டு அவள் காபி குடித்துத் திரும்புவதற்குள், களத்தின் நடுவே ஒரு வண்டிச் சக்கர அகலத்துக்கு நெல் முழுக்கப் பொரிந்து வெள்ளையாகக் கிடந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஒரு காலடித் தடம்கூட இல்லை. வானத்திலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்று களத்து ஆட்கள் பேசிக்கொண்டார்கள். துளசிமணியின் ஏழு வயது மகள் தாரிகா மட்டும் பொரியை அள்ளித் தின்றுவிட்டு, நாய்க்கும் பொரி என்றே பேர் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள்.

அன்றோடு துளசிமணிக்கு நிம்மதி போயிற்று. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இந்த நாய்க்கு நிற்க நேரம் ஏராளமாக இருந்தது. சித்திரை வெயிலிலும் அது நாக்கைத் தொங்கவிடாது. சோற்றுத் தட்டைப் பார்க்காது, பேசுகிறவர்களின் வாயையே பார்க்கும். தெரு நாய்கள் அதைக் கண்டால் குரைக்காமல் ஒதுங்கிப் போயின.

“இது எதுக்கோ வேவு பாக்க வந்திருக்குதுக்கா” என்றாள் துளசிமணி, பக்கத்து வீட்டு அங்காத்தாளிடம்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்” என்று அங்காத்தாள் சிரித்தாள். தாரிகாவோ பள்ளிக்கூடத்துச் சங்கதிகளை எல்லாம் அதன் காதுக்குள் சொல்லி, அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். அவள் கண் அசரும்வரை அதுவும் அசையாது.

துளசிமணியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. தாரிகாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டுமே என்று, ஊர் வழக்கப்படி, பிறந்த கையோடு அங்காத்தாளிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். இது விலைக்கு வந்த பிள்ளை, இவள் பெற்றதில்லை என்று எமன் ஏமாந்து போவான் என்பது நம்பிக்கை. வாங்கிய அங்காத்தாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாலுக்கு அழுமே என்று துளசிமணியின் மடியிலேயே விட்டுவிட்டாள். சில மாதம் கழித்துத் துளசிமணி அதே அளவு தவிட்டைக் கொடுத்து மகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். செத்துப்போன இரண்டைப் பற்றித் தாரிகாவிடம் அவள் பேசியதே இல்லை. “உன்னையத் தவிட்டுக்குத்தான் வாங்கினேன்” என்று மட்டும், எல்லா அம்மாக்களையும் போலக் கேலி செய்வாள்.

ஒருநாள் தயிருக்கு வைத்த பாலைத் தாரிகா நாய்க்கு ஊற்றிவிட்டாள். துளசிமணிக்குக் கோபம் பொங்கியது.

“தவிட்டுக்கு வாங்கின கழுதை. யாராச்சும் தவிடு கொண்டாந்தாங்கன்னா உன்னையக் குடுத்துப்போடுவேன்.”

தாரிகாவின் முகம் சுருங்கியது. “அப்ப நெசமாவே நான் உன்ற புள்ள இல்லியாம்மா?”

துளசிமணி பாத்திரத்தைக் கழுவப் போனாள். பொரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அது ஒரு கொட்டாங்குச்சி நிறையத் தவிட்டைக் கவ்விவந்து அவள் காலடியில் வைத்தது. ஆலையில் எங்கோ திருடியிருக்கும் என்று நினைத்து, அவள் அதை எடுத்து மாட்டுத் தாழியில் கொட்டினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாத பழமொழி இல்லை.

சில நாள் போயின. உச்சிப் பொழுதில் உயரமான ஒருவர் களத்தைக் கடந்து வந்தார். அவர் காலடியில் ஒரு நெல்மணியும் நகரவில்லை. துளசிமணியின் முன்னால் வந்து வாயைத் திறந்தார். பேசியது அவளுடைய குரல்.

“எங்க நாயைக் கூட்டிட்டுப் போக வந்தேனுங்க. அது வாங்கினதையும் சேத்துத்தான்.”

“அது என்னத்த வாங்குச்சு?”

“உங்க புள்ளையைத்தானுங்க. தவிடு கொண்டாந்தாக் குடுக்கறேன்னு நீங்கதான் சொன்னீங்க. பொரி கொண்டாந்துச்சு, நீங்களும் வாங்கிக்கிட்டீங்க. எங்க பக்கம் பேச்சுன்னாப் பேச்சுதானுங்க. தவிட்டுக்கு வாங்கின புள்ளைங்கறது பொய்யின்னா, அதைச் சொல்லீருங்க. நான் விட்டுட்டுப் போயிர்றேன்.”

பக்கத்தில் நின்ற தாரிகா நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். பொய் என்று ஒரு சொல் சொன்னால் பிள்ளை தங்கிவிடும். ஆனால் அது பொய்யில்லை. பொய் என்று சொன்னால், இவள் பெற்ற பிள்ளைதான் என்பது ஏழு வருஷமாக ஏமாந்திருக்கும் எமன் காதிலும் விழும். உண்மை என்றாலோ பிள்ளை வானத்துக்குப் போய்விடும்.

கேட்டவர்களே, இப்போது சொல்லலாம். பொய்யும் சொல்லாமல், பிள்ளையையும் இழக்காமல் இருக்க, அவள் சொல்ல வேண்டியது என்ன?

விடை இது. அவள் உண்மையையே முழுசாகச் சொன்னாள். “தவிட்டுக்கு வாங்கின புள்ளைதானுங்க. பொரி குடுத்த தவிட்டையும் வாங்கிக்கிட்டேன். இனி இவ பொரியோட புள்ளை. ஆனா எங்க ஊர்ல தவிட்டுக்கு வாங்கினவங்க புள்ளையைத் தூக்கிட்டுப் போறதில்லீங்க. வளக்கறவ மடியிலயே விட்டுட்டுப் போவாங்க.” வழக்கத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு பாதியை விட யாருக்கும் உரிமை இல்லை. வந்தவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். பொரி தாரிகாவின் கைகளிலிருந்து மெல்லக் கழுத்தை விடுவித்துக்கொண்டு அவர் பின்னால் போயிற்று. அது பிள்ளையைக் கொண்டுபோக வாங்கியதா, வேறு யாரும் கொண்டுபோகக் கூடாது என்று வாங்கியதா என்பது துளசிமணிக்கு இன்றுவரை சந்தேகம்தான். அழுது ஓய்ந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு, எமனுக்குக் கேட்காதபடி, முன்னால் பிறந்த இரண்டு பேரைப் பற்றியும் காதோடு காதாகச் சொன்னாள்.

“அவங்க பேரு என்னம்மா?”

“பேர் வெக்கற வரைக்கும் இருக்கலை, அம்மிணி.”