பள்ளிவாசலுக்கு வந்த சட்டை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை.

சொன்னவர் கோமதிநாயகம். கதை அவருடைய அம்மா பூரணத்தைப் பற்றியது. நடந்தபோது அவர் அந்த இடத்தில் இல்லை. அம்மா சொல்லிக் கேட்டதுதான். ஒரு தாய் தன் தோல்வியை மகனிடமே இப்படிச் சொல்வாளா என்று நினைத்துக்கொள்வேன். தோல்வி என்பது சரியான சொல்தானா என்றும் பிறகு நினைப்பேன்.

இருந்தாலும் அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

*

“லெப்பையய்யா, என் மகன் போகக்கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

பள்ளிவாசல் படிக்குக் கீழே நின்று பூரணம் கேட்டாள்.

அந்தித் தொழுகை முடிந்திருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் நின்றிருந்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, பிள்ளையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். கடைசியாக மைதீன் லெப்பை வருவார். அவர் ஊதினால்தான் தாய்மாருக்கு நிம்மதி. கேட்டால் புத்தியும் சொல்வார்.

பூரணத்தின் கையில் பிள்ளை இல்லை. ஒரு சட்டை இருந்தது.

லெப்பை அதைப் பார்த்தார்.

“சட்டைக்குக் காய்ச்சலா?”

பக்கத்தில் நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

“விளையாடாதீங்க அய்யா. கூப்பிட்டா வரமாட்டேங்கான். எருமை மாதிரி வளந்துட்டான், மீசை வேற. கைப்பிள்ளைகளோட வரிசையில நிக்க வெக்கமா இருக்காம். அதான் அவன் சட்டையை எடுத்துட்டு வந்தேன்.”

“எங்க போறான்?”

“கப்பல் வேலைக்கு. விடியக்காலம் பஸ்சு. ஒத்தப் பிள்ளை அய்யா. அவங்க அப்பா சொன்னாக் கேக்கமாட்டான். நான் சொன்னாக் கேக்கவே மாட்டான். நீங்க சொன்னாக் கேப்பான்.”

அது உண்மை. லெப்பை போகாதே என்றால் அவன் போயிருக்க மாட்டான்.

“சரி. வரச் சொல்லு. சொல்லுதேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைக்கவில்லை.

“நெசமாவா?”

“நெசம். அதுக்கு முன்னால ஒண்ணு. இந்தப் படிக்கு நீ எதுக்கெல்லாம் வந்திருக்க? எனக்கு வயசாயிட்டு. மறந்து போச்சு.”

பூரணத்துக்கு மறக்கவில்லை.

“முதல்ல கைப்பிள்ளையில வந்தேன். பால் குடிக்கல. எலும்பும் தோலுமாக் கிடந்தான்.”

“என்ன கேட்ட?”

“பசி வேணும்னு கேட்டேன்.”

“பெறவு?”

“ரெண்டு வயசு தாண்டியும் நடக்கல. கையை விட்டுப் பாத்தியான்னு நீங்கதான் கேட்டீங்க. நான் எங்க விட்டேன்? விழுந்திருவானேன்னு பிடிச்சுக்கிட்டேல்லா கிடந்தேன்.”

“பெறவு?”

“பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு அழுதான். என் முந்தானையைப் பிடிச்சா விடமாட்டான். வாத்தியாரு வந்து விரலைப் பிரிச்சு எடுப்பாரு. சேலை கிழிஞ்சே போச்சு. இவன் என்னை விட்டாப் போதும் அய்யான்னு உங்ககிட்ட வந்து…”

நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லு தாயி.”

“அதுக்கப்புறம் தண்ணிப் பயம். ஆத்துல முழங்காலுக்கு மேல இறங்கமாட்டான். பயலுவ எல்லாம் கேலி பண்ணுவானுவ. ஒளிஞ்சு நின்னு அழுவான்.”

“அதுக்கு என்ன கேட்ட?”

“தண்ணியைக் கண்டு அவன் பயப்படக்கூடாதுன்னு.”

குரல் இறங்கிவிட்டது.

யார் தோளிலோ ஒரு பிள்ளை தும்மியது. அதன் தாய் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

லெப்பை படியில் உட்கார்ந்தார்.

“நான் ஊதினேன். கொடுத்தவன் மேல இருக்கவன். எல்லாத்தையும் வச்சுக்கிட்டுத்தான் உன் பிள்ளை கிளம்புதான். இப்ப அவன் இங்கயே இருக்கணும்னா, கொடுத்ததுல ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கோன்னு நான் கேக்கணும். எதைக் கேக்கட்டும்? பசியையா?”

அவள் குனிந்து சட்டையைப் பார்த்தாள்.

“நடையையா?”

சட்டையை மார்போடு சேர்த்து இறுக்கினாள்.

“தைரியத்தைன்னா லேசு. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போயிரும்.”

“வேண்டாம் அய்யா.” அழுகையும் சிரிப்புமாக வந்தது. “ஒண்ணையும் தொடாதீங்க. எல்லாம் அவன்கிட்டயே இருக்கட்டும்.”

லெப்பை அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்பினார். ஓதினார். ஊதினார். இன்னொரு பிள்ளை. இன்னொன்று. அது அவருடைய தாடியைப் பிடித்து இழுத்தது. விரலை மெதுவாக விடுவித்து அதற்கும் ஊதினார்.

பூரணம் போகவில்லை.

“அய்யா, நான் ஒரு நாளும் உங்ககிட்ட வந்து, அவன் பால் குடிச்சிட்டான், நடந்துட்டான்னு சொன்னதே இல்லையே. ஒவ்வொரு தடவையும் அடுத்த கவலையைத் தூக்கிட்டுல்லா வந்திருக்கேன்.”

“நீ சொல்லணுமா?”

“சொல்லாம எப்படித் தெரியும்?”

“அடுத்த தடவை அவன் நடந்துல்லா வந்தான். நான் பாத்தேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

“அப்பல்லாம் வெந்நி குடு, கையை விடுன்னு எதாவது சொல்லுவீங்க. நானும் போய்ச் செய்வேன். இப்ப நான் என்னதான் அய்யா செய்ய?”

லெப்பை கையை நீட்டினார். அவள் சட்டையைக் கொடுத்தாள். அவர் அதை விரித்துப் பார்த்தார். அவள் இறுக்கிப் பிடித்ததில் நன்றாகக் கசங்கியிருந்தது.

அவர் ஊதவில்லை. திருப்பிக் கொடுத்தார்.

“இஸ்திரி போட்டுக் குடு. ஊருக்குப் போற பிள்ளை.”

*

இவ்வளவுதான் கதை என்பார் கோமதிநாயகம்.

அவர் கப்பலுக்குப் போனார். அது ஊருக்கே தெரியும். என் சந்தேகம் வேறு. பள்ளிவாசல் படியில் நின்று வேண்டாம் என்று சொல்லிவிடலாம். பிறகு வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மகனின் பெட்டி திறந்து கிடக்கும். அதன் முன்னால் நிற்கும்போதும் அந்த வேண்டாம் மாறாமல் இருக்குமா?

என் மகள் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடம் கேட்காததை நேற்று கோமதிநாயகத்திடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, கிளம்புற அன்னைக்கு அம்மா அந்தச் சட்டையை உங்க கையில கொடுத்தப்ப, அது இஸ்திரிச் சூட்டோட இருந்துச்சா?”