மூன்று மூச்சு நேரம்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று உள்ளுக்குள் உதறலாகத்தான் இருக்கிறது. யார் எத்தனை தடவை எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள் என்பதை மாற்றிச் சொன்னால் சண்டைக்கு ஆள் வந்துவிடும். ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன், சொல்லித்தான் ஆக வேண்டும்.

செம்பியூர் அரண்மனையில் நாழிகை பார்க்கும் வேலை வடிவம்மைக்கு. பெரிய கொப்பரை நிறையத் தண்ணீர். அதில் மிதக்கும் ஒரு செப்பு வட்டில். வட்டிலின் அடியில் ஊசி நுழையும் துளை. துளை வழியாகத் தண்ணீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே வடிவம்மை சேகண்டியை அடிப்பாள். பதினைந்து வருஷமாக அடிக்கிறாள். ஒவ்வொரு முறை அடித்த பிறகும், சரியாகத்தான் அடித்தோமா என்று கொப்பரையை எட்டிப் பார்ப்பாள்.

அந்த ஊரில் இரண்டு கல்விச்சாலைகள். மேலைச்சாலையில் படித்தவர் மன்னர் மழவராயர். கீழைச்சாலையில் படித்தவர் அமைச்சர் அம்பலக்கூத்தர். வருஷத்துக்கு ஒரு நாள் இரண்டு சாலை மாணவர்களும் பந்தாடுவார்கள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்; கடைசிச் சேகண்டியோடு முடிந்துவிடும். ஆனால் அன்றைக்கு ஊரில் அடுப்பு எரியாது.

அந்த வருஷம் ஆளுக்கு மூன்று முறை தாண்டிச் சமமாக நின்றார்கள். கடைசி நாழிகை. வட்டிலின் விளிம்பு தண்ணீருக்குள் போனது. வட்டில் ஆடி ஆடிக் கீழே இறங்கிக் கொப்பரையின் அடியில் 'டங்' என்று தட்டியது. வடிவம்மை சேகண்டியை அடித்தாள். விளிம்பு மூழ்கியதற்கும் அடி தட்டியதற்கும் நடுவே மூன்று மூச்சு நேரம். அதற்குள் கீழைச்சாலைப் பையன் கோட்டைத் தாண்டிவிட்டான்.

"செல்லாது!" என்று கத்தினான் மிளகு வியாபாரி சாத்தன். அவன் மேலைச்சாலைக் கட்சி. "விளிம்பு முங்கினப்பவே நாழிகை முடிஞ்சு போச்சு!"

"முங்கினா முடிஞ்சிடுமா?" என்றான் லாயத்துக் குதிரைக்காரன் பொம்மன். "கிணத்துல விழுந்த வாளி தரை தட்டினாத்தான்யா விழுந்ததுன்னு அர்த்தம்."

"உன் கண்ணு குதிரை கண்ணு. பக்கவாட்டுலதான் தெரியும்."

"உன் கண்ணுல மிளகுப் பொடி. எதுவுமே தெரியாது."

"அந்தம்மா தூங்கிட்டு அடிச்சிருக்கு!"

"ஓய், அந்தம்மாவைச் சொல்லாதே. போன வருஷம் நீ ஜெயிச்சப்ப அந்தம்மா கண்ணு நல்லாத்தானே இருந்தது?"

மூன்று நாளாயிற்று. கடைத்தெருவில் மூன்று பேருக்குப் பல் போனது. பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் பெண்ணைத் திருப்பிக் கூப்பிட்டார்கள். அரண்மனைச் சமையல்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாம்பாரை ஒரு கட்சியும் சாதத்தை ஒரு கட்சியும் சமைக்க மறுத்தார்கள்.

மன்னர் வடிவம்மையைக் கூப்பிட்டார். "நாளை உச்சிப்பொழுதில் நீ தீர்ப்புச் சொல்ல வேண்டும். மேலைக்காரனும் சரி என்று சொல்ல வேண்டும், கீழைக்காரனும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் முனகினாலும் உன் வேலை போகும். கோட்டைக்குள் இருக்கிற உன் வீடும் போகும்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "விளிம்புதான் சரி என்பது என் எண்ணம். உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை."

வெளியே வந்தால் தூணருகே அமைச்சர். "அடி தட்டினதுதான் சரி, வடிவம்மை. நானும் கட்டாயப்படுத்தவில்லை."

அன்றைக்கு வடிவம்மை வீட்டுக் கதவையும் கூரையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். விட்டுப் போக மனசில்லை.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. வடிவம்மை, தான் நாழிகைக் கணக்கு எழுதிவைத்த ஓலைக்கட்டுகளைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மகாராஜா, விளிம்பு மூழ்கினாலே நாழிகை முடிந்தது. மகாராஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

மேலைக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். சாத்தன் பொம்மனைப் பார்த்துக் கண்ணடித்தான். அமைச்சர் முகம் சுண்டியது.

"ஒரே ஒரு சந்தேகம்தான், மகாராஜா. நான் எந்தச் சாலையிலும் படிக்காதவள், பயமாக இருக்கிறது. பதினைந்து வருஷமாக அடி தட்டின பிறகுதான் அடித்திருக்கிறேன். அப்படியானால் பழைய ஓலையை எல்லாம் திருத்த வேண்டுமே?"

"திருத்து. அதற்கென்ன?"

வடிவம்மை ஓர் ஓலையை உருவினாள். "முதலில் இதையே திருத்திவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், தை மாதம். மகாராஜாவின் முடிசூட்டு விழா. முகூர்த்தத்தின் கடைசி நாழிகை. கிரீடம் மகாராஜாவின் காதுக் கடுக்கனில் மாட்டிக்கொண்டது. புரோகிதர் இழுத்தார். அதற்குள் விளிம்பு மூழ்கிவிட்டது. கிரீடம் தலையில் உட்கார்ந்தது, வட்டில் அடி தட்டியது, நான் சேகண்டியை அடித்தேன்."

எழுத்தாணியை எடுத்து ஓலைமேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "முகூர்த்தம் முடிந்து, ராகுகாலம் பிறந்த பிறகு முடிசூடினார் என்று எழுதட்டுமா, மகாராஜா?"

மன்னரின் கை மெல்லக் கிரீடத்துக்குப் போனது.

முதலில் எழுந்தவன் சாத்தன். "அடி தட்டினாத்தான் நாழிகை! விளிம்புன்னு எவன் சொன்னது?"

"நீதான்யா சொன்னே!" என்றான் பொம்மன்.

"நானா? மிளகுத் தூசியில ஏதாவது உளறியிருப்பேன். அடிதான் சரி!"

"அடிதான்! அடிதான்!" என்று மேலைக்காரர்கள் அத்தனை பேரும் கூவினார்கள். கீழைக்காரர்கள் ஏற்கனவே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் முனகவில்லை.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கள் பையன்கள் தோற்றது தோற்றதுதான். என் கிரீடமாவது மிஞ்சியதே! வடிவம்மை, என்ன வேண்டும் கேள்."

"பொன் வேண்டாம், மகாராஜா. அடுத்த வருஷத்திலிருந்து பந்தாட்டத்துக்கு மட்டும் சேகண்டியை மகாராஜாவே அடிக்க வேண்டும். நான் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கிறேன்."

மன்னருக்குப் பெருமை தாங்கவில்லை. சரி என்றுவிட்டார்.

அடுத்த வருஷமும் சமம், கடைசி நாழிகை. விளிம்பு மூழ்கியது. வட்டில் அடி தட்டியது. மன்னர் சேகண்டிக் கட்டையை ஓங்கியபடியே நின்றார். மேலைச்சாலைப் பையன் பாதி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் வந்து, கோட்டைத் தாண்டி, விழுந்து, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்ட பிறகு மன்னர் அடித்தார்.

ஊரே திரும்பி வடிவம்மையைப் பார்த்தது. "நீங்களே சொல்லுங்கம்மா, அடிச்சது சரியா?" என்றான் பொம்மன்.

வடிவம்மை மடியிலிருந்து பெரிய பொரியுருண்டை ஒன்றை எடுத்து, உடைக்காமல், முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.