அசனச் சோறு யார் போட்டது?

கார்த்திகை மாதத்து அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. உப்பளங்கள் சூழ்ந்த கடலோர ஊர் ஒன்றின் ஆலய வளாகத்தில் அசனத்துக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். முதலாளியும் கூலியாளும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சபை விருந்துக்கு அங்கே அசனம் என்று பெயர். வீட்டுக்கு வீடு கொண்டுவரும் அரிசியை ஒரே குவியலாகக் கொட்டிச் சமைப்பது வழக்கம்.

அவ்வாண்டு உப்பள முதலாளி ஞானாபரணம் அரிசி முழுவதையும் தாமே தந்து, தம் குடும்பத்தின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டார். வேறு எவரும் எதுவும் கொண்டுவரலாகாது என்பது நிபந்தனை.

அவர் அளத்தில் உப்பு வாரும் தெபோராளுக்கு அது பொறுக்கவில்லை. மழைக்காலத்தில் அளம் மூடிக்கிடக்கும்போது தருவதாகச் சொல்லி, கோடை முழுவதும் கூலியில் ஒரு பகுதியை அவர் பிடித்துவைத்திருந்தார். மழை வந்தது, பணம் வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "அசனம் முடியட்டும்" என்பதே பதில். ஆனாலும் உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி அரிசியை ஒரு பானையில் எடுத்துவைப்பதை அவள் நிறுத்தவில்லை. அந்தப் பானையை இடுப்பில் ஏந்தி வந்தாள்.

"ஏ தெபோராளு, ஒன் ரேஷன் அரிசி எதுக்கு? பொன்னிச் சோறு கெட்டுப்போவும்," என்றார் ஞானாபரணம்.

அவள் பானையைக் குவியலில் கவிழ்த்தாள். "கெட்டா நாங்க தின்னுக்கிடுதோம் மொதலாளி. நீங்க ஒங்க பருக்கைய மட்டும் பொறுக்கிக்கிடுங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு தத்தம் வீட்டுக்குப் போய் முந்தானையில் அரிசி கொண்டுவந்து கொட்டினார்கள்.

"இது என் விருந்து!" என்று முதலாளி இரைந்தார்.

"சபையின் விருந்து," என்று போதகர் சமாதானம் செய்தார்.

"ரெண்டும் இல்ல ஐயா, எங்க விருந்து. மொதலாளியும் வரட்டும், எல போடுதோம்," என்றாள் தெபோராள். சோறு வெந்து இறக்கும் நேரத்தில் மழை தூறவே, முதலாளியின் பெயர்ப் பலகையைக் கழற்றிச் சோற்று அண்டாவை மூடினாள்.

மூவரில் யார் சொன்னது சரி? அந்தப் பந்தியில் விருந்தளித்தவர் யார், விருந்தாளி யார்?

விடை: தெபோராள் சொன்னதே சரி. பிறர் கூலியைக் கையில் வைத்திருக்கும்வரை ஒருவர் கொடுப்பது எதுவும் தானமாகாது. ஞானாபரணம் தந்த அரிசியும் அளத்தில் வேலை செய்பவர்களின் உழைப்பே. போதகரின் சொல் இனிமையானது. ஆனால் யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை அது மறைத்தது. விருந்தாளியாக உண்டவர் ஞானாபரணம் ஒருவரே. இலை எடுத்ததும், "அசனம் முடிஞ்சிட்டுல்லா மொதலாளி?" என்று அவள் எல்லார் முன்னும் கேட்டாள். மறுநாள் ஆராதனைக்கு முன்பே, ஆலய வாசலில் நின்று, பிடித்துவைத்த கூலி முழுவதையும் அவர் கொடுத்துத் தீர்த்தார். தெபோராள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.