கலிங்கில் வழிந்த செல்வம்

முன்னொரு காலத்தில், வானளாவிய மாடங்களுக்கும் அணைந்து கிடந்த அடுப்புகளுக்கும் ஒரே நகரில் இடமிருந்த ஒரு நாட்டைக் கொற்றவேலன் என்னும் மன்னன் ஆண்டுவந்தான். அறுவடைத் திருவிழாவுக்கு அண்டை நாட்டுப் பேரரசர் விருந்தினராக வருகிறார் என்று செய்தி வந்தது. அன்று மாலையே மன்னன் யானைமீதேறி நகர்வலம் போனான். கீழைக்கரைக் குடிசைகளைக் கண்டான், குழிவிழுந்த கன்னங்களைக் கண்டான், முகம் சுளித்தான்.

மறுநாள் அவையில் ஆணை பிறந்தது: "விருந்தினர் வருவதற்குள் என் நகரில் ஏழை என்று ஒருவர்கூட இருக்கலாகாது!"

தலைமை அமைச்சர் உத்தமசீலர் எழுந்தார். பெரிய ஏரியின் கீழிருந்த நஞ்சையில் பாதி அவருடையது. மீதி, அவையில் அமர்ந்திருந்த அவருடைய உறவினர்களுடையது.

"எளிய செயல், மன்னா! குடிசைகளைப் பிரித்து எறிந்து, குடியிருப்போரை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம்."

அவையின் கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வறுமையை ஒழிக்கச் சொன்னார் மன்னர். வறியவரை ஒழிக்கக் கிளம்பிவிட்டீர்களே, அமைச்சரே!"

அவன்தான் தத்தன். மன்னனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. சிந்திக்க வைப்பது அவனாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

"நீ என்ன செய்வாய்?" என்றான் மன்னன்.

"பெருஞ்செல்வர்மீது வரி விதிப்பேன், மன்னா. வந்த வரியில் கிணறு வெட்டுவேன், தறி வைப்பேன், உழைக்கும் கைக்கு வேலையும் வேலைக்குத் தக்க கூலியும் தருவேன்."

அவை கொல்லென்று நகைத்தது. உத்தமசீலர் மட்டும் நகைக்கவில்லை. "செல்வத்தில் கைவைத்தால் நாடு கெடும், மன்னா! அது இருக்குமிடத்திலேயே நிறையட்டும். நிறைந்தால் தானே வழியும். வழிந்தால் ஏழைக்குத் தானே போய்ச் சேரும். அரசு குறுக்கே வரத் தேவையில்லை. இதுவே என் கொள்கை!"

மன்னன் தாடியைத் தடவினான். "தத்தா, இது பிழையென்று காட்டு. காட்டினால் உன் வழியே நாட்டின் வழி. காட்டாவிட்டால் குடிசைக்காரர்களோடு நீயும் எல்லை தாண்ட வேண்டும்."

"ஒரு நிபந்தனை," என்று இடைமறித்தார் உத்தமசீலர். "இவன் எவரிடமும் காசு கேட்கக் கூடாது. இந்த அவையில் வாதமும் செய்யக் கூடாது. வாயாலேயே மயக்கிவிடுவான்."

"ஒப்புக்கொள்கிறேன்," என்றான் தத்தன். "பெரிய ஏரியின் மடைக்காவலை மட்டும் எனக்குத் தாருங்கள். அமைச்சரின் கொள்கையை இம்மியும் பிசகாமல் அங்கே நடத்திக் காட்டுகிறேன்."

தம் கொள்கை என்ற சொல் காதில் விழுந்ததும் உத்தமசீலருக்கு உச்சி குளிர்ந்தது. தலையசைத்தார்.

வீடு திரும்பும்போது தத்தன் கீழைக்கரை வழியே நடந்தான். நாற்று நடும் காத்தாயி கூரை ஓலையைத் தானே பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, எங்களத் தொரத்தப் போறாங்களாமே, நெசமா?"

"என்னையும் சேர்த்துத்தான், தாயி."

"நீ போனா ராசாவுக்குச் சிரிப்புக் கொறையும். நாங்க போனா அவுங்க வயல்ல யாரு குனிவா? அதையாச்சும் ரோசிச்சாங்களா அந்தப் பெரிய மனுசங்க?"

தத்தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஏரிக்கு நடந்தான். மடையை இறுக மூடினான்; அதன்மேல் சம்மணமிட்டு அமர்ந்தான்.

வயலில் கதிர் பால்பிடிக்கும் பருவம். மேற்கு மலையில் மழை கொட்ட, ஏரியில் நீர் ஏறிக்கொண்டே வந்தது. நகரிலோ ஒரு தூறலும் இல்லை. நஞ்சை வெடிப்பு விட்டது. உத்தமசீலரின் உறவினர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தார்கள்.

"யோவ் தத்தா! பயிர் கருகுது, மடையத் தொறய்யா!"

"எதற்கு ஐயா அவசரம்? நிறையட்டும். நிறைந்தால் தானே வழியும்."

ஏரி நிறைந்தது, வழியவும் வழிந்தது. ஆனால் எங்கே? கரை உடையாதிருக்க மிகைநீரை வெளியேற்றும் கல்வழியான கலிங்கில் விழுந்து, புல்லும் முளைக்காத உவர்நிலத்துக்கு ஓடியது. வயலுக்கு ஒரு சொட்டும் போகவில்லை.

உத்தமசீலர் தலைப்பாகை அவிழ அவைக்கு ஓடினார். தத்தனும் அழைக்கப்பட்டான்.

"மன்னா! இந்தக் கோமாளி மடையைத் திறக்க மறுக்கிறான்! நிறைந்தால் மட்டும் நீர் வயலுக்கு வந்துவிடுமா? மடை திறக்க வேண்டாமா? வாய்க்கால் வேண்டாமா? கடைமடைவரை முறைவைத்துப் பாய்ச்ச அரசின் காவலர் வேண்டாமா? தானே வழிந்தது உவர்க்காட்டுக்கல்லவா போகிறது!"

தத்தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"ஏன் பேசாமல் நிற்கிறாய்?" என்று அதட்டினான் மன்னன்.

"நான் வாதம் செய்யக் கூடாது என்பது நிபந்தனை, மன்னா. எனக்காக அமைச்சரே செய்துகொண்டிருக்கிறார்."

அப்போதுதான் உத்தமசீலருக்குத் தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்தது. முகம் சுண்டினாலும் விடவில்லை: "அப்படியானால் எங்கள் செல்வத்தை ஒரேயடியாகப் பிடுங்கப் போகிறாயா?"

மன்னன் கையசைத்துப் பேச இசைவு தந்தான்.

"கரையை உடைக்கச் சொல்லவில்லை, அமைச்சரே. மடையைத் திறக்கச் சொல்கிறேன். ஏரியும் இருக்கும், வயலும் விளையும்."

"நன்று! ஆக, நாட்டுக்கு மடை என் அரசு!" என்று நிமிர்ந்தான் மன்னன்.

"திறந்தால் மட்டும் போதாது, மன்னா." தத்தனின் குரலில் விகடம் இல்லை. "பெரிய ஏரியின் முதல் வாய்க்கால் தங்கள் பூந்தோட்டத்துக்குப் போகிறது. அடுத்தது அன்னப்பறவைகளின் குளத்துக்கு. கடைமடைக்குப் போவது சேறுதான். வரியும் அப்படிப் போனால் வறுமை ஒழியாது. வரி வாங்கியவர்தாம் கொழுப்பார்கள். முதல் வாய்க்கால் கீழைக்கரைக்கு வெட்டப்பட வேண்டும். ஒரு போகத்தில் முடிகிற வேலையும் அன்று இது. ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தூங்கினால் வாய்க்கால் மண்மூடித் தூர்ந்துவிடும். ஆனால் முடியும், மன்னா! முனைந்தால் முடியும்!"

மன்னனின் கண்கள் சிவந்தன. காவலர் வேல்களை இறுகப் பிடித்தனர். தத்தன் தலை குனியவில்லை.

சட்டென்று மன்னன் சிரித்தான். அரியணை அதிரச் சிரித்தான். "என் தோட்டத்தையும் விடவில்லையே, படுபாவி! மடை திறக்கட்டும். குடிசைகளில் ஒருவரும் கைவைக்கலாகாது. பெருஞ்செல்வர் வரி இன்றே தொடங்கும். முதல் கிணறு கீழைக்கரையில்!" என்றவன், தன் முத்துமாலையைக் கழற்றித் தத்தன் கழுத்தில் போட்டான்.

தத்தன் மாலையைத் தடவிப் பார்த்தான். "ஐயோ, மன்னா! என்னையும் பெருஞ்செல்வனாக்கிவிட்டீர்களே!" என்றபடி நூலை அறுத்து, ஒரு கைப்பிடி முத்தை அரியணைப் படியில் குவித்தான். "நாட்டின் முதல் வரி. அடுத்தவர் வரலாம்."

மன்னன் மீண்டும் சிரித்தான். சிரித்தபடியே உத்தமசீலரின் கழுத்தில் மின்னிய இரத்தின மாலையைப் பார்த்தான். அவையும் திரும்பி அதையே பார்த்தது. உத்தமசீலரின் விரல்கள் மெல்ல மேலே போய், மாலையின் கொக்கியைத் தேடின.