ஆறரை மணி ஜமீன்

நெடுங்கரை ஜமீன்தார் எப்போது வெளியே கிளம்பினாலும் கூடத்துக் கடிகாரம் சரியாக ராகுகாலத்தைக் காட்டும். ஒரு புதன்கிழமை காலையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் மாசானத்தைக் கூப்பிட்டார்.

"ஏலே மாசானம், இனிமேல் இது ராகுகாலமே காட்டக் கூடாது. காட்டினால் உனக்கு இங்கே வேலை கிடையாது."

மாசானம் தலையைச் சொறிந்தான். பிறகு முக்காலி போட்டு ஏறி, முள்ளை ஆறரையில் வைத்து, பெண்டுலத்தை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"மகாராசா, வாரத்தில் எந்த நாளும் ஆறரைக்கு ராகுகாலம் இல்லை."

ஜமீன்தார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். உண்மைதான். பூரித்துப்போய், தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

அந்த அரண்மனையில் கடிகாரம் பன்னிரண்டு அடித்தால்தான் தவசிப்பிள்ளை சாப்பாட்டுக்கு இலை போடுவார். ஜமீன்தாரே போட்ட சட்டம் அது. வெயில் உச்சிக்கு ஏறியது. அவர் வயிறு கூவியது. கடிகாரம் வாயைத் திறக்கவில்லை.

"தவசிப்பிள்ளை, சாப்பாடு என்னாச்சு?"

"மணி இன்னும் ஆறரைதானே, மகாராசா."

ஜமீன்தார் மாசானத்தைப் பார்த்தார். "அதை ஓடவிடுலே."

"விடலாம். ஆனால் இன்னைக்குப் புதன்கிழமை. சரியான மணிக்கு வைத்து ஓடவிட்டால் ஒன்றரை வரைக்கும் ராகுகாலம்தான் காட்டும். பரவாயில்லையா?"

ஜமீன்தார் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"தவசிப்பிள்ளை, இவனுக்கும் சேர்த்து இலையைப் போடும். ராகு சூரியனை முழுங்கினால் முழுங்கிட்டுப் போகட்டும். நான் சோறு முழுங்கணும்."