ஐராவதத்துக்கு ஆறு சக்கரம், ஓர் ஆடு

பரஞ்சோதியின் பெரியப்பா எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஒன்று சொல்லுவார். "வெளிநாட்டுல இருந்து திரும்பி வாரவன் ரெண்டு காரியம் செய்யக் கூடாது. ஒண்ணு, பழைய இரும்பு வாங்கக் கூடாது. ரெண்டாவது..." அந்த இடத்தில் சரியாகப் பாயசம் வந்துவிடும். ரெண்டாவது என்னவென்று பரஞ்சோதிக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத காரியத்தைத் தெரியாத்தனமாகச் செய்துவிடக் கூடாதே என்று ரொம்ப ஜாக்கிரதையாக இருந்ததில், ஞாபகமிருந்த காரியத்தைச் செய்துவிட்டான்.

அவன் வாங்கியது சுவீடன் நாட்டுப் பட்டாளம் கழித்துப்போட்ட ஆறு சக்கர வண்டி. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாட்டில் வேலை பார்த்தவன். ஒரு பனிக்காலத்தில் அவன் கார் வாய்க்காலில் சரிந்து கிடந்தபோது, இதே மாதிரி ஒரு வண்டி வந்து, ஏன் எப்படி என்று ஒரு கேள்வி கேட்காமல், வெளியே இழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டது. ஒரு கேள்வியும் கேட்காமல் யாரும் அவனைத் தூக்கிவிட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஊர் திரும்பும்போது அவனால் அந்த ஜாதி வண்டியை விட்டுவிட்டு வர முடியவில்லை. கப்பலில் வந்து, துறைமுகத்தில் கிடந்து, எப்படியோ பதிவும் ஆகி, நெடுங்காவூரில் அவன் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஐராவதம் என்று பேர் வைத்தான்.

அவன் மனைவி வடிவு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "ரோட்டுல ஓடுற வரைக்கும் நிக்கட்டும். என்னைக்கு ஓடக் கூடாதுன்னு சொல்லுதாங்களோ, அன்னைக்கே இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிருவேன்."

அப்படிச் சொல்லும் நாளும் வந்தது. பட்டாளத்திலிருந்து இறக்குமதியான வண்டிகளையெல்லாம் மறுபடி சோதித்து, தேறாததன் பதிவை ரத்து செய்வது என்று உத்தரவு. நெடுங்காவூரில் அப்படி மூன்று வண்டிகள் இருந்தன. உமையொருபாகம் அண்ணாச்சியிடம் ஒரு பட்டாளச் சமையல் வண்டி; அதில் அவர் பந்தலும் பந்தியும் நடத்தினார். சூசைமாணிக்கத்திடம் ஒரு பட்டாள ஆம்புலன்ஸ். அதில் அவன் பேண்டு செட்டை ஏற்றிக்கொண்டு போவான். மூன்று பேரும் சேர்ந்து 'பழைய படைவண்டி உரிமையாளர் நலச் சங்கம்' என்று ஆரம்பித்து, பெரிதாகப் பெயர்ப்பலகையும் எழுதி மாட்டினார்கள். மூன்று பேருக்கும் மூன்று பதவி. உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

முதலில் ஐராவதத்தைச் சோதனைக்கு விடுவது, அது தேறினால் மற்ற இரண்டும் தேறும் என்று முடிவாயிற்று. வாகன ஆய்வாளர் ரெஜினா மேடத்தைப் போய்ப் பார்த்தார்கள். மேடம் நல்லவர். இரண்டே இரண்டு விஷயம்தான் சொன்னார்.

"பச்சை பெயிண்டு கூடாது. பட்டாளத்து வண்டின்னு துளிகூடத் தெரியக் கூடாது. அப்புறம், நான் பாஸ் பண்ற வரைக்கும் சக்கரம் ரோட்டுல படக் கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சா அங்கேயே ரத்து. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி இந்தக் கேட்டுக்குள்ள நிக்கணும்."

பரஞ்சோதி இரண்டு மொழியில் படித்தவன். அதனால் எதையும் இரண்டு தடவை தவறாகப் புரிந்துகொள்ளும் வசதி அவனுக்கு இருந்தது. போதாததற்கு, நடுக்காட்டில், பனியில், கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் அரவமில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்று பழகியவன். சட்டம் என்ன சொல்கிறதோ அதற்கு ஒரு அங்குலம் இப்படி அப்படி போகமாட்டான்.

சங்கம் கூடியது.

"பட்டாளத்துல இல்லாத கலர் எது?" என்றார் தலைவர் உமையொருபாகம்.

"ரோஸ்," என்றான் சூசை. "பஞ்சுமிட்டாய் ரோஸ்."

"அது கலருக்குச் சரி. துளிகூடத் தெரியக் கூடாதுன்னுல்லா சொல்லிருக்காங்க? பட்டாளத்துல சுத்தமா இல்லாத விஷயம் எது?"

மூவரும் வெகு நேரம் யோசித்தார்கள். சூசைதான் கண்டுபிடித்தான். "கல்யாணம், அண்ணாச்சி."

"என்னவே, பட்டாளத்துக்காரன் கல்யாணம் முடிக்க மாட்டானா?"

"முடிப்பான். லீவுல வந்துதான முடிப்பான்? பட்டாளத்துக்குள்ள வச்சா முடிக்கான்?"

மறுக்க முடியாத பேச்சு. ஐராவதம் ரோஸ் ஆயிற்று. மேல்பக்கம் திறந்த பின்பெட்டியின் முன்மூலைகளில் இரண்டு வாழை மரம், பக்கவாட்டில் சரம் சரமாக மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம். பீரங்கி இழுக்கிற கொக்கியில் மாவிலைத் தோரணம்.

அடுத்தது சக்கரம்.

"லாரியில ஏத்திக் கொண்டு போலாமா?" என்று சூசை ஆரம்பித்தான்.

பரஞ்சோதி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "வே, லாரிச் சக்கரம் ரோட்டுல படாதா?"

"படும்தான்," என்று சூசை ஒத்துக்கொண்டான்.

"சைக்கிள்ல காத்தடிக்கிற மாதிரி காத்தடிச்சுப் பறக்க விடவும் முடியாது," என்றார் அண்ணாச்சி, எல்லா வழியையும் அலசிவிட்டவர் போல.

அப்போதுதான் பரஞ்சோதியின் கண் அண்ணாச்சியின் பந்தல் சாமான் கொட்டகைக்குள் போயிற்று. உள்ளே மணமேடை போடுகிற தடித்தடியான வேங்கைப் பலகைகள் அடுக்கியிருந்தன. ரோட்டின் மேல் பலகை, பலகையின் மேல் சக்கரம். சக்கரம் ரோட்டில் படாது. வண்டி கடந்ததும் பின்னாலிருக்கும் பலகையை எடுத்து முன்னால் போட வேண்டியது. அவ்வளவுதான்.

"பலகை ரோட்டுல படுதே தம்பி?" அண்ணாச்சிக்குச் சட்டப்படி ஒரு சந்தேகம்.

"பலகைக்குப் பதிவு வேண்டாம் அண்ணாச்சி. அது வாகனம் இல்ல."

"படிச்சவன் படிச்சவன்தான்," என்றார் அண்ணாச்சி.

ஆய்வாளர் அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில், ஆட்டோக்காரர் முகம் சுளிக்காமல் வருகிற தூரத்தில்தான் இருந்தது. வியாழக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். பலகை தூக்கச் சூசையின் பேண்டு செட்டு முழுக்க வந்தது, யூனிபாரத்தோடு. எல்லாருடைய கையிலும் பலகை இருந்ததால் வாசிக்க ஆளில்லை. பெரிய டிரம்மை முதுகில் கட்டியிருந்தவன் பலகையோடு குனியும்போதெல்லாம் பின்னால் வந்தவன் பலகை இடித்து அது மட்டும் 'தொம்' என்றது.

முதல் வேகத்தடையில் பலகை சீசா பலகையாகிவிட்டது. முன் சக்கரம் ஏறியதும் மறுமுனை எழும்பி, அதில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த கிளாரினெட்டுக்காரரை அலுங்காமல் வாழை மரத்துக்குள் கொண்டு வைத்தது. அவர் அங்கேயே இருந்துகொண்டார். நிழலாக இருந்ததாம்.

பின்னால் டவுன் பஸ் வந்து மாட்டிக்கொண்டது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்தார்.

"மாப்பிள்ளை வண்டியா? வழி விடுங்கய்யா! மாப்பிள்ளை யாரு?"

"வண்டிதான்," என்றான் சூசை.

"பொண்ணு?"

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸ்ல இருக்காங்க."

கண்டக்டர் ஐராவதத்தை மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்.

வெள்ளி காலை குளத்தங்கரைக்கு வந்துவிட்டார்கள். அங்கே கரை வண்டியின் தோளுயரத்துக்கு இருக்கும். கரைமேல் நின்ற ஒரு கிடா, தன் வாய்க்கு நேராக ஒரு வாழை மரம் மெல்ல நகர்ந்து போவதை வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்து, ஒரே எட்டில் வண்டிக்குள் வந்துவிட்டது. கிடாவுக்குச் சொந்தக்காரியான மாடத்தி அக்கா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"ஏல கோட்டிக்காரப் பயலுவளா! என் கிடாவை எங்கல கொண்டு போறிய? இறக்குங்கல!"

பரஞ்சோதி மரியாதையாகவே பதில் சொன்னான். "அக்கா, இன்ஜின் ஓடும்போது பின் கதவைத் திறக்கக் கூடாது. உள்ள எழுதியிருக்கு."

"எங்க எழுதிருக்கு? காட்டு!"

"சுவீடன் பாஷைல இருக்கு."

"அப்ப இன்ஜினை அமத்து!"

"அமத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது அக்கா. பேட்டரி வீக்கு."

மாடத்தி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "வெளங்காத மூதி! வெள்ளைக்காரன் நாட்டுல போய் இருந்த புத்தியையும் வித்துட்டு, அதுக்குப் பதிலா இந்தத் தகர டப்பாவை வாங்கிட்டு வந்திருக்கு பாரு!"

பரஞ்சோதிக்கு அது அநியாயமாகத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் தன் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதித் தந்ததில்லை. பலகை பலகையாக வண்டி நகர, அக்கா பக்கத்திலேயே நடந்து திட்டிக்கொண்டு வந்தாள். ஒரு தடவை சொன்ன திட்டு மறு தடவை வரவில்லை. கிடா அதைக் கேட்டபடி வாழையைத் தின்றது. இலையெல்லாம் போனபின் கிளாரினெட்டுக்காரர் வெளியே தெரிந்தார்.

அலுவலகக் கேட்டுக்கு முன்னால் வந்தபோது பத்து மணி ஆகப் போகிறது. அங்கேதான் ஒரு பலகை முறிந்தது. கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரே ஒரு பலகை நீளம் வெறும் ரோடு. இருந்த மற்றப் பலகையெல்லாம் சக்கரத்துக்கு அடியில்.

"இறக்கிரட்டுமா? ஒரு எட்டுதான," என்றான் சூசை, குரலை இறக்கி. "யாரு பாக்கா?"

"கூடாது," என்றான் பரஞ்சோதி. இரும்புக் கடைக்காரரின் தராசு கண்ணுக்குள் வந்து ஆடியது. பனிக்குள்ளிருந்து தன்னைத் தூக்கிவிட்டவனைத் துண்டு துண்டாக வெட்டி நிறுத்துப் போடுகிறார்கள். "கூடாது வே. ஒரு எட்டும் ரோடுதான்."

உமையொருபாகம் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியின் பக்கவாட்டில், 'படை' என்ற எழுத்து தெரியாதபடி திருப்பிக் கட்டியிருந்த சங்கத்தின் பெயர்ப்பலகையை அவிழ்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். முறிந்த பலகை கிடந்த இடத்தில் போட்டார். ஐராவதம் அதன் மேல் ஏறி உள்ளே போயிற்று. 'நல' என்ற எழுத்து இரண்டும் சக்கரத்தோடு போய், சங்கம் மட்டும் மிஞ்சியது. அந்த நொடியில்தான் பெரியப்பா சொன்ன ரெண்டாவது காரியம் பரஞ்சோதிக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. சங்கத்தில் சேரக் கூடாது.

ரெஜினா மேடம் வெளியே வந்தார். ரோஸ் வண்டி. மொட்டை வாழை. அதற்குள் கையில் கிளாரினெட்டோடு ஒரு பெரியவர். பின்னால் ஒரு கிடா. சுற்றிலும் யூனிபாரத்தில் பலகையோடு ஒரு கூட்டம். நடுவில் ஒரு அக்கா, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டு.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து மேடம் கேட்டார். "ஏன், ஒரு லாரியில ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே?"

"அந்த லாரிக்குப் பதிவு இருக்கான்னு நமக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றார் அண்ணாச்சி.

மேடம் கண்ணை மூடித் திறந்தார். பிரேக்கைப் பார்த்தார், பிடித்தது. ஹார்னை அடித்தார், அலறியது. விளக்கு, கண்ணாடி, வைப்பர், புகை, எல்லாம் சரியாகவே இருந்தன. பச்சை எங்கும் இல்லை. கிடாவின் வாயில் மட்டும் கொஞ்சம் இருந்தது.

"பாஸ்," என்றார். சூசை தரையில் உட்கார்ந்து அழுதான். டிரம் 'தொம்' என்றது.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க," என்று மேடம் விரலை நீட்டினார். "பாஸ் வாங்கின மறுநாளே பெயிண்டை மாத்தியடிக்கிற ஆளுங்களை நிறையப் பாத்திருக்கேன். இன்னைக்கு நான் எப்படிப் பாத்தேனோ அப்படியேதான் இந்த வண்டி எப்பவும் ரோட்டுல வரணும். ஏதாச்சும் கூடக்குறைய மாறியிருந்துச்சோ, அன்னைக்கே ரத்து."

மேடம் உள்ளே போய்விட்டார். பேண்டு செட்டு ஆட்கள் பலகைகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினான் பரஞ்சோதி. "மேடம் பாத்தப்ப வண்டி எது மேல நின்னுச்சு?"

எல்லாரும் கையிலிருந்த பலகையைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை மத்தியானம். வடிவு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ் ஆயிட்டுல்லா? ரோட்டுல ஓடலாம்லா? பின்ன எதுக்குப் பலகை?"

பரஞ்சோதி முதலில் தமிழில் விளக்கினான். பிறகு இங்கிலீஷில் விளக்கினான். வடிவு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். வேங்கைப் பலகை ஸ்டெப்னியாக இரண்டு எடுத்து வைப்பதென்று தீர்மானம் ஆயிற்று. வாழை வாரம் ஒரு முறை மாற்றி, இலையைக் கழித்துவிட்டுக் கட்டுவது. கிளாரினெட்டுக்காரருக்கு உள்ளே ஒரு முக்காலி. கிடாவை விலைக்குக் கேட்க அண்ணாச்சியே நேரில் போனார். மாடத்தி அக்கா அவரைப் பரஞ்சோதி வீட்டுத் தெரு முனை வரைக்கும் திட்டிக்கொண்டே வந்து விட்டுவிட்டுப் போனாள். அதைத் தன் வீட்டு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பரஞ்சோதிக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. மேடம் பார்த்தபோது அக்காவும்தானே அங்கே இருந்தாள்? அதுவும் சும்மாவா இருந்தாள்?

திங்கட்கிழமை முதல், ஐராவதம் ரோட்டில் போகிற நாளெல்லாம் கூடவே நடந்து வந்து திட்டுவதற்கு, மாடத்தி அக்காவைக் கிடாவோடு மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது என்று அவன் முடிவு செய்தான்.