கனித் தட்டில் இல்லாத கொய்யாப்பழம்

பொதிகை மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அதில் ஒரு குரு. அவருக்கு இரண்டு சிஷ்யர்கள்.

சிஷ்யர்கள் என்றதும் மீசை முளைக்காத பிள்ளைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாசிலாமணிக்கும் ஆவுடையப்பனுக்கும் எழுபது தாண்டிவிட்டது. குரு அவர்களைவிட இளையவர். மடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பக்கத்தில் சித்திரை முதல் நாள் கனி காண்பார்கள். முந்தின நாளே ஒரு தட்டில் பழம், பூ, கண்ணாடி எல்லாம் அடுக்கிப் பூஜை அறையில் வைத்துவிடுவார்கள். விடிந்ததும் கண்ணை மூடியபடியே போய் உட்கார்ந்து, அந்த வருஷத்தின் முதல் பார்வையாகத் தட்டைப் பார்க்க வேண்டும்.

மடத்தில் இதோடு இன்னொன்றும் உண்டு. சீப்பு, சாவி, புளியங்கொட்டை என்று கண்டதையும் குரு தட்டில் சேர்த்து வைப்பார். இருவரும் பார்த்ததும் துண்டால் மூடிவிடுவார். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, "தட்டுல என்னென்ன இருந்துச்சு?" என்று கேட்பார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார்; இருவரும் சொல்லி முடித்ததும் துண்டை எடுத்துவிடுவார், யார் எதை விட்டார் என்று அப்போது தெரிந்துவிடும். முப்பது வருஷமாக இது நடக்கிறது. எதற்கு என்று இருவரும் கேட்டதில்லை.

முதலில் மாசிலாமணி போவார். சொல்லிவிட்டு வெளியே வந்ததும் நேரே ஜன்னலடிக்குப் போய்விடுவார். ஆவுடையப்பன் என்ன சொல்கிறார் என்று கேட்காவிட்டால் அவருக்குக் காலைப் பலகாரம் இறங்காது.

ஆரம்பத்தில் இருவருமே தட்டைக் காலி பண்ணுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார்கள். கொஞ்ச வருஷமாக மாசிலாமணிக்குப் பாதித் தட்டு நினைவில் நிற்பதில்லை. ஆவுடையப்பனோ ஒன்றிரண்டைத்தான் விடுகிறார். அதே வயது, அதே மடத்துச் சோறு. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாயங்காலம் மலைக்கு வருகிறவர்களுக்கு மடத்துக் கதைகளைச் சொல்வது மாசிலாமணி. அந்த மேடைதான் அவருக்கு உயிர். போன மாதம் கதை நடுவே ராஜாவின் பெயர் வாயில் வரவில்லை. கூட்டத்தில் இருந்த ஆவுடையப்பன் எடுத்துக் கொடுத்தார். ஜனங்கள் எல்லாரும் திரும்பி ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அன்றோடு மாசிலாமணிக்குத் தூக்கம் போயிற்று. இந்தச் சித்திரையோடு மேடை கைமாறிவிடும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

அதனால் முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பூஜை அறைக்குள் நுழைந்தார். கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குக் கண்ணை உருட்டிக்கொண்டு போனார். தட்டில் இருந்ததை எல்லாம் மந்திரம் மாதிரி உருப்போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை. இருவரும் பார்த்ததும் தட்டின் மேல் துண்டு விழுந்தது. குரு கேட்டார்.

மாசிலாமணி மூச்சுவிடாமல் சொன்னார். "கொன்றைப் பூ, கண்ணாடி, மாம்பழம், வெத்தல, பாக்கு, சாவி, சீப்பு, சுண்ணாம்பு டப்பி, புளியங்கொட்டை, கொய்யாப்பழம்."

"கொய்யாப்பழமா?"

"ஆமா சாமி. நல்லாப் பழுத்தது. காம்புல ஒரு எலைகூட இருந்துச்சு."

"அது நேத்து ராத்திரியே என் வயித்துக்குள்ள போயிட்டே வே. பசி தாங்கல."

மாசிலாமணி வசமாக மாட்டிக்கொண்டார். குரு கோபப்படவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்றே தோன்றுகிறது.

"எதுக்கு வே இந்தக் கள்ளத்தனம்?"

"பொறாமைதான் சாமி. வேற என்னத்தச் சொல்ல? ரெண்டு பேரும் ஒரே நாள்தான் இங்க வந்தோம். எனக்கு மட்டும் எல்லாம் அழிஞ்சிட்டு வருது. அவருக்கு அப்படியே இருக்கு. அவரு மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது."

குரு பேச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"போன வருஷம் ஆவுடையப்பன் எதை விட்டார்?"

"சீப்பை."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"சந்தனக் கட்டையை. சாவியைச் சொல்ல வந்து பூட்டுன்னாரு. பொறவு திருத்திக்கிட்டாரு."

"கோடை மழையில மண்டபம் ஒழுகுச்சே, அந்த வருஷம்?"

"ஒண்ணையும் விடல. சொல்லி முடிச்சிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. இன்னும் என் காதுல நிக்கி."

குரு வாசல் பக்கம் திரும்பி, "ஆவுடையப்பன், இங்க வாரும்" என்றார்.

ஆவுடையப்பன் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"போன வருஷம் மாசிலாமணி எதையெல்லாம் விட்டார்? வாசல்லதான இருந்தீர். காதுல விழுந்திருக்குமே?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். "விழுந்திருக்கும் சாமி. எங்க நிக்கி? வயசாயிட்டுல்லா."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அவரு எப்பவும் நல்லாத்தான சொல்லுவாரு?" என்றார் ஆவுடையப்பன். மாசிலாமணியைப் பார்த்து, "என்ன வே, ஒரு மாதிரி இருக்கீரு? பசியா? சட்னி அரைச்சாச்சு, சீக்கிரம் வாரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா, வெட்கத்தில் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"மேடையை அவருக்கே குடுத்திருங்க சாமி."

"போன மாசமே கேட்டேன். வேண்டாம்ட்டார். நீர் சொல்லி அவர் கீழ உக்காந்து கேட்டாத்தான் அவருக்குக் கதை கதையா இருக்காம்."

மாசிலாமணி துண்டு மூடிய தட்டைக் குருவின் பக்கம் நகர்த்தினார். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டார்.

"வருஷா வருஷம் எங்க ரெண்டு பேரையும் இப்படிச் சோதிக்கீங்களே. இதுல என்னத்தக் கண்டீங்க சாமி?"

குரு துண்டை எடுத்தார். தட்டிலிருந்த மாம்பழத்தை மாசிலாமணியின் கையில் வைத்தார்.

"வயசானா மறந்துபோகும்னு எனக்கு மொதல்லயே தெரியும் வே. எல்லாம் கைவிட்டுப் போகும்போதும் எதை மட்டும் விடாமப் பிடிச்சிருக்கீங்கன்னு பாக்கத்தான் கேக்கேன்."